செத்துச் செத்துப் பிழைக்கும் மேஜர்: ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடா, சூலூர்ப்பேட்டை, ஆரம்பாக்கம் என்று தமிழ்நாடு-ஆந்திர எல்லைக்கு இரண்டு பக்கமும் எங்கள் சொந்தபந்தம் சிதறிக் கிடக்கிறது. அதில் யாரைப் பார்த்தாலும் கொஞ்ச நாளாக நான் இந்தப் படத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். பார்த்தவர்களும் பார்க்காதவர்களும் போனில் கேட்டது, கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டது, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தது எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பக்கம். கதையின் முடிவைச் சொல்லும் கேள்வி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

இது என்ன படம்? கதையைச் சுருக்கமாகச் சொல்லேன்.

2014இல் வந்த ஆங்கிலப் படம். இயக்குநர் டக் லைமன், நடிகர்கள் டாம் குரூஸ், எமிலி பிளண்ட். வேற்றுக்கிரகத்துப் பிராணிகள் ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டன. மிச்சமிருக்கும் படைகள் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, பிரெஞ்சுக் கடற்கரையில் இறங்கித் தாக்கப்போகின்றன.

கதாநாயகன் கேஜ் பெயருக்கு மேஜர். உண்மையில் சீருடை போட்ட விளம்பரக்காரர். டிவியில் தோன்றி, ராணுவத்தில் சேருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வதுதான் வேலை. தளபதி அவரைக் கேமராவோடு போர்முனைக்குப் போகச் சொல்கிறார். கேஜ் நழுவப் பார்க்கிறார், தளபதியையே மிரட்டிப் பார்க்கிறார். விளைவு, கைது. கண் விழித்தால் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் மூட்டைகளுக்கு மேல் கைவிலங்கோடு கிடக்கிறார், ஓடிப்போன சிப்பாய் என்ற முத்திரையோடு. மறுநாள் காலை இரும்புக் கவசத்தை மாட்டிக் கடற்கரையில் தள்ளிவிடுகிறார்கள். இறங்கிய சில நிமிடங்களில் செத்துப்போகிறார். மறுபடி கண் விழிக்கிறார். அதே மூட்டை, அதே கைவிலங்கு, அதே முந்தைய நாள் காலை.

அங்கிருந்துதான் படம் சூடுபிடிக்கிறது.

போஸ்டரைப் பார்த்தால் வழக்கமான ஏலியன் படம் மாதிரிதானே இருக்கிறது?

ஆமாம், போஸ்டர் எதையும் சொல்லவில்லை. கவசம் போட்ட டாம் குரூஸ், பின்னால் இடிந்த நகரம், எதற்கு வேண்டுமானாலும் வைக்கக்கூடிய ஒரு தலைப்பு. அந்தக் காலகட்டத்தில் வந்த பத்துப் படங்களின் போஸ்டரை வரிசையாக மாட்டினால் இது எது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் எதிர்பார்ப்பே இல்லாமல் உட்கார முடிகிறது. உட்கார்ந்த இருபதாவது நிமிடத்தில் முதுகை நிமிர்த்திக்கொள்கிறோம்.

எதிர்பார்ப்பு இல்லாமல் போனால் எந்தப் படமும் நன்றாகத்தான் இருக்கும் என்று எங்கள் சித்தப்பா சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிர்பார்ப்பே இல்லாமல் போய், இடைவேளையில் எழுந்து வந்த படங்கள் நிறைய. முதல் பத்து நிமிடம் வேண்டுமானால் அதனால் தப்பிக்கலாம், மீதியைப் படம்தான் தூக்கிச் சுமக்க வேண்டும். இந்தப் படம் சுமக்கிறது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

டாம் குரூஸ் என்றால் கடைசியில் ஜெயிக்கத்தானே போகிறார்? இதில் என்ன புதுசு?

முதல் அரைமணி நேரம் அவர் ஒரு கோழை. சும்மா பேச்சுக்குக் கோழை இல்லை, முழுக் கோழை. விமானத்தில் இருந்து குதிக்கப்போகும்போதுகூடத் துப்பாக்கியின் பாதுகாப்பு விசையை எப்படி விடுவிப்பது என்று பக்கத்தில் இருப்பவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். எவனும் சொல்லித் தருவதாக இல்லை. கடற்கரை வந்துவிடுகிறது, அவருக்கு இன்னும் சுடத் தெரியவில்லை. முப்பது வருடமாக ஓடிக்கொண்டும் தாவிக்கொண்டும் ஜெயித்துக்கொண்டும் இருந்த ஒரு நடிகரின் முகத்தில் இப்படி ஒரு முழியைப் பார்ப்பது தனிச் சுகம்.

இன்னொரு இடம். தண்டால் எடுக்கச் சொல்லி வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். கேஜ் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடிக்கிறார்: பக்கத்தில் போகும் லாரிக்கு அடியில் உருண்டு அந்தப் பக்கம் போய்விடுவது. உருள்கிறார். கணக்குத் தப்புகிறது. சக்கரத்தின் கீழ் ஒரு சத்தம், அவ்வளவுதான், உடனே அடுத்த வெட்டில் மூட்டைகளுக்கு மேல் கண் விழிக்கிறார். எங்கள் வீட்டில் எல்லோரும் முதலில் ஐயையோ என்றார்கள், அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு பெரிய நட்சத்திரத்தை இப்படி நசுக்கிக் காட்ட இயக்குநருக்குத் துணிச்சல் வேண்டும், நட்சத்திரத்துக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

ஒரே நாள் திரும்பத் திரும்ப வந்தால் சலிக்காதா?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது. இதற்குத்தான் பதிலும் நீளம்.

சலிக்கவில்லை, ஏனென்றால் ஒரே காட்சியை முழுசாக இரண்டாம் முறை அவர்கள் காட்டுவதே இல்லை. முதல் முறை மூட்டையில் இருந்து எழுந்து கடற்கரை போகும் வரை பொறுமையாகக் காட்டுகிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், சார்ஜென்ட் என்ன கத்துகிறார், எவன் சீட்டாடுகிறான், கடற்கரையில் எந்த விமானம் யார் தலையில் விழுகிறது எல்லாம் நம் மனதில் பதிகிறது. இரண்டாம் முறை அதில் பாதி. அப்புறம் வெறும் சத்தம் போதும். சார்ஜென்ட்டின் முதல் வார்த்தை காதில் விழுந்ததும், ஓ, மறுபடி செத்துவிட்டாரா என்று நாமே முடித்துக்கொள்கிறோம். படத்தொகுப்பாளர் ஜேம்ஸ் ஹெர்பர்ட் பார்ப்பவர்களின் மூளையை நம்பி வெட்டியிருக்கிறார். நம் ஊர்ப் படங்களில் ஃபிளாஷ்பேக் முடிந்தபிறகு அதே ஃபிளாஷ்பேக்கை இன்னொருவருக்குச் சொல்லிக் காட்டுவார்களே, அந்தப் பழக்கம் இங்கே சுத்தமாக இல்லை.

அடுத்தது, விதி. ஆல்ஃபா என்ற அரிய வகைப் பிராணி ஒன்றை வெடி வைத்துக் கொல்லும்போது அதன் ரத்தம் கேஜ் மேல் பட்டுவிடுகிறது. அந்த ரத்தம் உடம்பில் இருக்கும்வரை, செத்தால் நாள் திரும்பும். காயம்பட்டு மயங்கி, ஆஸ்பத்திரியில் வேறு யாருடைய ரத்தமோ ஏற்றிவிட்டால் அந்தச் சக்தி போய்விடும். கதை மொத்தமும் இந்த ஒரே விதியில்தான் நிற்கிறது. இதன் அழகைப் பாருங்கள். சண்டைப் படங்களில் நாயகன் சாகக் கூடாதே என்று பயப்படுவோம். இங்கே அது தலைகீழ். சாவதில் பிரச்சினையே இல்லை, காயத்தோடு பிழைத்துக்கொள்வதுதான் ஆபத்து. அதனால் பயிற்சியில் கேஜின் கால் முறிந்தால், அவருக்குச் சண்டை சொல்லித்தரும் வீராங்கனை ரீட்டா (எமிலி பிளண்ட்) யோசிக்காமல் துப்பாக்கியை எடுத்து அவர் தலையில் சுடுகிறாள். அவர் ‘இரு, இரு, சரியாகிவிடும்’ என்று கெஞ்சுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. சிரிப்பு வருகிறது, சிரித்து முடித்தபிறகு ஒரு மாதிரியாகவும் இருக்கிறது.

அந்த ஒரு மாதிரியான உணர்வைப் படம் பிற்பாதியில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறது. கடற்கரையைத் தாண்டிப் போய், ஆளில்லாத ஒரு பண்ணை வீட்டில் இருவரும் ஒதுங்குகிறார்கள். கேஜ் காப்பி போட்டுத் தருகிறார். ரீட்டாவுக்கு எத்தனை சர்க்கரை என்று கேட்காமலே மூன்று போடுகிறார். அவள் கோப்பையைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள். இந்த வீட்டுக்கு அவர் முதல் முறையாக வரவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அப்படியானால் இதைத் தாண்டி ஏன் போகவில்லை? வெளியே ஹெலிகாப்டர் நிற்கிறது, கிளம்பலாமே? அவர் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறார். காரணத்தை நான் எழுதவில்லை. ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லாத அந்தச் சில நிமிடங்கள்தான் என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர். அதுவரை எத்தனையோ முறை பார்த்துச் சிரித்த அதே ‘திரும்புதல்’ இங்கே வந்து கனக்கிறது.

எத்தனை முறை நாள் திரும்பியது என்று படம் எண்ணிக்கை சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதும் நல்லது.

எங்கள் பாட்டிக்கு எப்படிப் புரியவைப்பது?

வேதாளம் மறுபடி மறுபடி முருங்கை மரம் ஏறும், விக்ரமாதித்தன் மறுபடி மறுபடி போய்த் தூக்கி வருவான் இல்லையா, அது மாதிரி என்று சொல்லுங்கள். கூடவே, ‘இவனுக்கு மட்டும் நேற்று நடந்தது ஞாபகம் இருக்கும், மற்ற யாருக்கும் இருக்காது’ என்று ஒரு வரி. போதும். எங்கள் வீட்டுப் பாட்டி பாதிப் படத்தில் என்னைவிட முன்னால் போய், ‘இப்போ அவன் அந்த லாரியைத் தாண்டிடுவான் பாரு’ என்றார்.

எந்த மொழியில் பார்ப்பது?

எல்லையோர வீடுகளின் நிரந்தரப் பிரச்சினை. பெரியவர்களுக்குத் தமிழ்தான் படிக்க வரும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கிறார்கள், மருமகன் இரண்டையும் கலந்து பேசுவார், ஆங்கில எழுத்து ஓடும் வேகத்துக்கு யாராலும் படிக்க முடியாது. என் யோசனை, ஆங்கிலத்திலேயே பாருங்கள். முதல் பதினைந்து நிமிடம்தான் பேச்சு அதிகம். அதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டால் பிறகு கண்ணே போதும். சார்ஜென்ட்டாக வரும் பில் பாக்ஸ்டன் பேசும் தெற்கத்திய அமெரிக்க இழுப்பை எந்த டப்பிங்கிலும் கொண்டுவர முடியாது. அந்த மனிதர் கத்துவதைக் கேட்பதே தனிப் பொழுதுபோக்கு.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குக் கீழே பெற்றோர் கவனம் தேவை என்ற வகைச் சான்றிதழ். சாவு நிறைய, ரத்தம் குறைவு. முகம் சுளிக்கும் காட்சி எதுவும் கிடையாது. ஒரு முத்தம் உண்டு, அதுவும் கடைசியில். ஒரு சிப்பாய் கவசத்துக்குள் ஒன்றுமே போடாமல் சண்டைக்கு வருவான், அதைப் பார்த்துப் பையன்கள் சிரிப்பார்கள். ரிமோட்டைத் தேட வேண்டிய அவசியம் இல்லை.

பிராணிகள் மட்டும் கொஞ்சம் பயமுறுத்தும். கயிறுகளை முறுக்கிவிட்ட மாதிரி கைகால் எல்லாம் சுழன்றுகொண்டு, கண் தொடரமுடியாத வேகத்தில் வரும். சின்னக் குழந்தைகள் இருந்தால் பகலில் போடுங்கள்.

கதாநாயகிக்கு வேலை உண்டா, இல்லை பாட்டுக்கு வந்து போவாளா?

அவள்தான் ஆசிரியை, இவர் மாணவர். ரீட்டா, வெர்டன் என்ற பிரெஞ்சு ஊரில் நடந்த போரில், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிராணிகளை வெட்டிச் சாய்த்தவள். ஊரெல்லாம் அவள் போஸ்டர். கேஜுக்கு இப்போது வந்திருக்கும் சக்தி ஒரு காலத்தில் அவளிடம் இருந்தது, பிறகு போய்விட்டது. அதனால் அவர் சொல்வதை நம்பும் ஒரே ஆள் அவள்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் அவளிடம் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். அவருக்கு அவள் பலகாலத் தோழி, அவளுக்கு அவர் காலையில் பார்த்த புது ஆள். காதல் படமாகப் பார்த்தாலும் இதில் விஷயம் இருக்கிறது.

எமிலி பிளண்ட் போட்டிருக்கும் கவசம் கணினியில் வரைந்தது இல்லை. உண்மையாகவே உடம்பில் மாட்டியது, ஏறத்தாழ 38 கிலோ. ஒன்றரை சிப்பம் சிமெண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று என் மைத்துனர் கணக்குப் போட்டார், அவர் கணக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு மூட்டை சிமெண்டே 50 கிலோ. எது எப்படியோ, அதை மாட்டிக்கொண்டு ஓடும்போது தோள் தொங்குவதும் மூச்சு வாங்குவதும் நடிப்பு இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. கடற்கரைப் போரும் இங்கிலாந்தின் லீவ்ஸ்டன் ஸ்டூடியோ வளாகத்தில் மணலைக் கொட்டி எடுத்ததுதான்.

நாம் ராக்கெட் விடும் ஊர்க்காரர்கள். இந்தப் படத்தில் இருக்கும் அறிவியல் உண்மையா?

நாள் திரும்புவது சுத்தப் புளுகு. ரத்தம் பட்டால் காலம் திரும்பும் என்று எந்த இயற்பியலும் சொல்லவில்லை. உடம்பில் மாட்டும் இயந்திரக் கவசம் மட்டும் முழுப் பொய் இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு நடைப்பயிற்சி தரும் அப்படிப்பட்ட கருவிகள் ஏற்கனவே இருக்கின்றன. ஓடித் தாவிச் சண்டை போடும் அளவுக்கு இல்லை.

ஆனால் எனக்கு அறிவியல் புனைவில் பொய்யைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே ஒரு பொய் சொல், அதற்குப் பிறகு கடைசிவரை நேர்மையாக நட, அது போதும். பல படங்கள் முதல் பாதியில் ஒரு விதி வைத்துவிட்டு, கிளைமாக்ஸில் வசதிக்காக அதை மாற்றிக்கொள்ளும். இந்தப் படம் ஏறக்குறைய முழுவதும் தன் விதிக்குக் கட்டுப்படுகிறது. அந்த ‘ஏறக்குறைய’ பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

ராக்கெட் என்றதும் ஒன்று. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் மாடியில் முதலில் வெளிச்சம்தான் தெரியும். நெருப்புக் கோடு மேலே போய்க்கொண்டிருக்கும், சத்தமே இருக்காது. ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து, பழவேற்காடு ஏரியைத் தாண்டி, அந்த உறுமல் வந்து ஜன்னல் கண்ணாடியைத் தொடும். நெஞ்சுக்கூட்டில் உணரும் சத்தம் என்றால் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன், இந்தப் படத்தைப் போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். சிப்பாய்களைச் சுமந்து வரும் விமானம் வானத்திலேயே உடையும் காட்சியில் அடித்தொனிதான் பாதிக் காட்சி. நல்ல ஹெட்போன் ஒன்றாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

சூலூர்ப்பேட்டையில் அவ்வளவு பெரிய தியேட்டரை வைத்துக்கொண்டு டிவியில் பார்க்கச் சொல்கிறாயே?

வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள். நூறு அடிக்கும் மேல் அகலமான திரையோடு வி எபிக் தியேட்டர் திறந்தது 2019இல். படம் வந்தது 2014இல். சென்னையில் இருந்தெல்லாம் காரை எடுத்துக்கொண்டு, புறநகர் ரயில் பிடித்து, நம் ஊர்த் திரையைப் பார்க்க வருகிறார்கள். அந்தத் திரையில் இந்தக் கடற்கரைப் போரைப் போட்டால் எப்படி இருக்கும் என்று நானும் கற்பனை செய்து பார்த்துக்கொள்வதோடு சரி. பழைய படங்களை மறுபடி வெளியிடும் காலம் இது. 1991இல் வந்த தெலுங்குக் கால இயந்திரப் படமான ‘ஆதித்யா 369’ஐயே 2025இல் மறுபடி திரையிட்டார்கள். இதற்கும் ஒரு நாள் வந்தால் முதல் வரிசை எனக்கு வேண்டாம், நடுவில் ஒரு சீட் போதும்.

அதுவரை வீட்டில் பார்க்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். கடைசி அரைமணி நேரம் இருட்டில் நடக்கிறது. லைட் எரிந்தால் டிவியில் உங்கள் முகம்தான் தெரியும்.

இடைவேளை எங்கே விடுவது?

ஹாலிவுட் படங்களுக்கு இடைவேளை கிடையாது. நம் தியேட்டர்காரர்கள் வாய்க்கு வந்த இடத்தில் நிறுத்துவார்கள். படம் மொத்தம் 113 நிமிடம். வீட்டில் பார்ப்பதென்றால் நான் ஒரு இடம் சொல்கிறேன். கேஜ் ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய்ச் சண்டைக்கே போகாமல் லண்டனில் ஒரு மதுக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். ஓடிப்போனாலும் தப்ப முடியாது என்று தேம்ஸ் நதி அவருக்குக் காட்டிக்கொடுக்கும். அந்தக் காட்சி முடிந்ததும் டீ போடப் போகலாம். கதையும் அங்கேதான் ஒரு பெருமூச்சு விடுகிறது.

‘மாநாடு’ படம் இதைப் பார்த்து எடுத்ததா?

ஒரே நாள் திரும்புவது என்ற யோசனை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. 1993இலேயே ‘கிரவுண்ட்ஹாக் டே’ என்ற நகைச்சுவைப் படம் இதைச் செய்து பேர் வாங்கிவிட்டது. ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’வே ஹிரோஷி சாகுராசாகா 2004இல் எழுதிய ஜப்பானிய நாவலில் இருந்து வந்ததுதான். வீடியோ கேமில் செத்தால் பழைய இடத்தில் இருந்து மறுபடி ஆடுகிறோமே, அந்த அனுபவம்தான் நாவலுக்கு விதை. வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ 2021இல் வந்தது. அதில் அரசியல் கொலையைத் தடுப்பது கதை, வில்லனுக்கும் நாள் திரும்புகிறது என்பதுதான் அதன் பலம். எஸ்.ஜே. சூர்யா அதை வைத்து ஆடிய ஆட்டம் உங்களுக்கே தெரியும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், சண்டை போடத் தோன்றாது.

அறிவியல் புனைவு நமக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் 1963இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’யைக் காட்டுங்கள். பாட்டுக் கற்றுக்கொடுக்கப் பானுமதியை வேற்றுக்கிரகத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இவ்வளவு நல்ல படம் என்றால் ஏன் ஓடவில்லை?

அடியோடு படுத்துவிடவில்லை, ஆனால் போட்ட பணத்துக்கு ஓடவில்லை. செலவு சுமார் 17.8 கோடி டாலர். உலகம் முழுக்க வசூல் சுமார் 37 கோடி டாலர். பார்க்க இரண்டு மடங்கு மாதிரி இருக்கும், அதில் பாதிக்கு அருகில் தியேட்டர்காரர்கள் பங்கு, அப்புறம் விளம்பரச் செலவு தனி. அமெரிக்காவில் 2014 ஜூன் 6இல் வெளியானது. அதே வாரம் வந்த ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ என்ற கண்ணீர்க் காதல் படம் முதல் வார இறுதியில் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. நோயாளிப் பிள்ளைகளின் காதலுக்கு முன்னால் ஏலியன் நிற்க முடியவில்லை.

பெரிய குற்றவாளி தலைப்புதான் என்பது என் கட்சி. நாவலின் பெயரை ஆங்கிலத்தில் ‘ஆல் யூ நீட் இஸ் கில்’ என்று வைத்திருந்தார்கள். அதைத் தூக்கிவிட்டு ‘எட்ஜ் ஆஃப் டுமாரோ’ ஆக்கினார்கள். பிறகு டிவிடி வரும்போது ‘லிவ் டை ரிப்பீட்’ என்ற விளம்பர வரியைப் பெரிதாகப் போட்டு, உண்மையான தலைப்பைக் கீழே சின்னதாக ஒதுக்கினார்கள். பார்த்தவர்களே அடுத்தவரிடம் பெயர் சொல்லத் தடுமாறினால் படம் எப்படிப் பரவும்? விமர்சகர்கள் பாராட்டினார்கள், வாய்வழியாகவும் பேச்சு பரவியது. எல்லாம் மெதுவாக, தியேட்டரை விட்டுப் போனபிறகு.

குறையே இல்லையா?

இருக்கிறது. கடைசி இருபத்தைந்து நிமிடம் பாரிஸில் நடக்கிறது. அங்கே போகும்போது நாள் திரும்பும் வசதி இல்லை. பரபரப்புக்காக அப்படிச் செய்தது புரிகிறது. ஆனால் அந்த வசதிதான் இந்தப் படத்தை மற்றவற்றில் இருந்து பிரித்துக் காட்டியது. அதை எடுத்துவிட்டதும் இருட்டில் ஓடி, தண்ணீரில் குதித்து, வெடி வைக்கும் வழக்கமான படமாகிவிடுகிறது. கேஜோடு வரும் சிப்பாய்கள் ஒவ்வொருவராகச் சாகும்போது வருத்தப்படச் சொல்கிறார்கள். அவர்கள் பெயரையே நமக்குச் சரியாகச் சொல்லித்தரவில்லை.

முடிவு எனக்குப் புரியவில்லை. விளக்க முடியுமா?

எச்சரிக்கை: படம் பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.

எல்லாவற்றையும் இயக்கும் மூளையான ஒமேகாவைக் கொன்று கேஜும் சாகிறார். அதன் ரத்தம் அவரோடு கலக்கிறது, மறுபடி நாள் திரும்புகிறது. இந்த முறை மூட்டைக்குத் திரும்பவில்லை, இன்னும் முன்னால், லண்டனுக்கு ஹெலிகாப்டரில் வந்துகொண்டிருந்த நேரத்துக்குப் போகிறார். கைதே ஆகவில்லை. டிவியில் எதிரிகள் செயலிழந்துவிட்டதாகச் செய்தி ஓடுகிறது.

கேள்வி இதுதான்: நாள் பின்னால் போனால் செத்த ஒமேகாவும் உயிரோடு இருக்க வேண்டாமா? இருக்க வேண்டும். ஒமேகா காலத்துக்கு வெளியே நிற்பது, ஒரு முறை செத்தால் எல்லா நாளிலும் செத்ததுதான் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்கிறார்கள். படத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. மேலே நான் சொன்ன ‘ஏறக்குறைய’ இந்த இடம்தான். நாவலின் முடிவு இதைவிடக் கசப்பு, அதுதான் விதிக்கு நியாயமான முடிவும்கூட. ஆனாலும் கடைசியில் ரீட்டா யாரடா நீ என்பது போல முறைக்க, டாம் குரூஸ் முகத்தில் வரும் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் பாகம் வருமா?

பல வருடமாகப் பேச்சு ஓடுகிறது. படம் வரவில்லை.

இது பிடித்துவிட்டது. அடுத்து எதைப் பார்க்கலாம்?

‘சோர்ஸ் கோடு’, 2011. ரயில் குண்டுவெடிப்புக்கு முந்தைய எட்டு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப வாழும் ஒருவன், 93 நிமிடத்தில் முடிந்துவிடும். ‘அட்டாக் தி பிளாக்’, அதுவும் 2011, லண்டன் குடியிருப்புப் பையன்கள் ஏலியனை விரட்டும் கதை. ‘அப்கிரேடு’, 2018, சின்னச் செலவில் எடுத்த படம். முதுகெலும்பில் சிப் வைத்த ஒருவனின் உடம்பு அவனைக் கேட்காமலே சண்டை போடும். கேமராவும் அவன் உடம்போடு சேர்ந்து சாயும். அது வன்முறை அதிகம், பிள்ளைகள் தூங்கியபிறகு.

பென் டிரைவில் ஏற்றித் தருவாயா?

மாட்டேன் மாமா. ஓடிடியில் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். ரிமோட்டில் எழுத்துத் தேடி அழுத்துவது சிரமம் என்றால் ஞாயிற்றுக்கிழமை நானே தடா வந்து போட்டுத் தருகிறேன். ஏரி மீன் கிடைத்தால் வாங்கி வைக்கச் சொல்லி அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.